முதலில் சிறை, பிறகு விசாரணை, கடைசியில் ஜாமீன்

போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இலை பெரியப்பா மகனுடையது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கையால் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். சின்னக் கம்பெனிப் பங்கு ஒன்றின் விலையைச் செயற்கையாக ஏற்றிவிட்டு, உச்சியில் விற்று வெளியேறிய ஒருவரை மும்பையில் கைது செய்திருக்கிறார்கள். வேனில் ஏற்றுகிற படம்.

"பார்த்தியாடா? தூக்கி உள்ள போட்டாச்சு. இவனையெல்லாம் சாகுற வரைக்கும் வெளிய விடக் கூடாது. ஜாமீன் குடுத்தான்னா முடிஞ்சுது, கேஸு ஊத்திக்கும்" என்றார். எதிர் வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். சாம்பார் வாளியோடு வந்த பையனும் நின்று எட்டிப் பார்த்து, "கரெக்ட்டு சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. டெலிகிராமில் வந்த டிப்ஸை நம்பி அவரும் இப்படி ஒரு பங்கில் சிக்கியிருக்கிறார். தினமும் காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தவுடன் விற்கப் போடுகிறார். திரையில் விற்கும் பக்கம் லட்சக்கணக்கான பங்குகள் வரிசை கட்டி நிற்கின்றன, வாங்கும் பக்கம் சுழியம். அன்றைக்கு எவ்வளவு இறங்கலாமோ அந்த எல்லையில் விலை பூட்டிக்கொள்கிறது. லோயர் சர்க்யூட். மாலை மூன்றரை மணிக்கு அவர் ஆர்டர் தானாக ரத்தாகிறது. மறுநாள் ஐந்து சதவீதம் கீழே, மறுபடியும் அதே வரிசை. பதினேழு நாளாக இப்படியே. அந்தத் திரையை அவர் காட்டியபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் "உள்ள போட்டாச்சு" என்று அவர் திருப்தியாக அப்பளத்தை நொறுக்கினார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கைதானால் தண்டனை கிடைத்துவிட்டது, ஜாமீன் வந்தால் தப்பித்துவிட்டான் என்கிற இந்த நம்பிக்கை நம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பங்குச் சந்தையில் ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறு கிடையாது.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியை நடத்திய ராமலிங்க ராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி அவரே ஒப்புதல் கடிதம் கொடுத்தார். கம்பெனியின் கணக்கில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம், இருப்பதாகக் காட்டியிருக்கிறேன் என்று. அன்று ஒரே நாளில் பங்கு நாற்பது ரூபாய்க்குச் சரிந்தது. இரண்டு நாளில் கைது. இடையில் ஆந்திர உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி சரணடைந்து, 2011 நவம்பரில்தான் வெளியே வந்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டரை ஆண்டுக்கு மேல் காவலில் இருந்திருக்கிறார். 2011 ஜூலைக்குள் விசாரணையை முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றமே கெடு வைத்தும், தீர்ப்பு வந்தது 2015 ஏப்ரல் 9ஆம் தேதி. குற்றவாளி, ஏழு ஆண்டு சிறை. உள்ளே போனார். மே 11ஆம் தேதி ஹைதராபாத் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது.

இதை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். குற்றம் நிரூபணமாகாத காலத்தில் இரண்டரை ஆண்டுக்கு மேல். குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்ன பிறகு ஒரு மாதமும் சில நாளும். சட்டம் ஒருவனை நிரபராதி என்று கருத வேண்டிய காலத்தில் சிறையில் வைத்து, குற்றவாளி என்று அறிவித்த பிறகு வீட்டுக்கு அனுப்பிய இந்த வரிசையை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது? 2009 ஜனவரியில் வேனில் ஏற்றும் படத்தைப் பார்த்து ஆனந்தப்பட்ட எத்தனை பேருக்கு 2015 மே மாத ஜாமீன் நினைவிருக்கிறது? அண்ணனிடம் கேட்டேன். "அவன் இன்னும் உள்ளதானே இருக்கான்?" என்றார்.

தானே எழுதிக் கொடுத்த குற்றத்துக்கே தீர்ப்பு சொல்ல ஆறு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றால், எதையும் ஒப்புக்கொள்ளாதவன் வழக்கு எப்போது முடியும்?

அதே 2009இல், அக்டோபர் மாதம், நியூயார்க்கில் ராஜ் ராஜரத்தினத்தைக் கைது செய்தார்கள். கொழும்பில் பிறந்த தமிழர், கேலியன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர், உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்ற வழக்கு. பத்து கோடி டாலர் பிணைத்தொகை கேட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விட்டுவிட்டார்கள். அண்ணன் கணக்குப்படி அன்றைக்கே கேஸ் ஊத்திக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக ஓட விட்டார்கள். 2011 மே மாதம் பதினான்கு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. அக்டோபரில் பதினோரு ஆண்டு தண்டனை. அதன் பிறகு சிறைக்குள் போனவர் 2019 வரை அங்கேதான் இருந்தார். கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்தொன்பதே மாதம், அத்தனை மாதமும் வீட்டில். தீர்ப்புக்குப் பிறகு ஏழு ஆண்டுக்கு மேல் சிறை. ராஜுவின் கணக்கை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பணம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதானே அண்ணன் போன்றவர்களுக்கு வேண்டியது. அமெரிக்கச் சந்தையில் சத்யம் பங்கை வாங்கி நட்டப்பட்டவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011இல் கம்பெனி 12.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அங்கே ராஜுவை யாரும் ஒருநாள்கூட லாக்கப்பில் வைக்கவில்லை, பணம் வந்தது. இங்கே இரண்டரை ஆண்டு காவலில் வைத்தோம், நம் ஊர் சிறு முதலீட்டாளர் கைக்கு அப்படி ஒரு தொகை வரவில்லை. 1,849 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்டு என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014இல் உத்தரவு போட்டது. அது மேல்முறையீடு, மறு கணக்கு, மறுபடி மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

வங்கிப் பணத்தை வைத்துப் பங்கு விலையை ஏற்றிய தரகர் ஹர்ஷத் மேத்தா வழக்கில் மட்டும் என்ன வாழ்ந்தது? வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காகவே 1992இல் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், உயர் நீதிமன்ற நீதிபதியே விசாரிப்பார், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றம். 1992 நவம்பரில் சிபிஐ கைது செய்தது. மாருதி கம்பெனிப் பணம் தொடர்பான வழக்கில் தண்டனை வர 1999 செப்டம்பர் ஆயிற்று. 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் செத்துப்போனார், வயது 47. அந்த மாருதி வழக்கின் மேல்முறையீட்டில் தீர்ப்பு 2003 ஜனவரியில், அவர் போய் ஓராண்டு கழித்து வந்தது. அதிலும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். மற்ற வழக்குகளில் பெரும்பாலானவை அவரோடு போயின. "மாட்டினான், செத்தான், தீர்ந்தது" என்று நாடு மறந்துவிட்டது. வங்கிப் பணத்தை அவர் கைக்குக் கொடுத்த அதிகாரிகள் யார், அவர்களில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

தேசியப் பங்குச் சந்தையின் சர்வர் விவகாரம் இன்னும் கொடுமை. சில தரகர்களுக்கு விலைத் தகவல் மற்றவர்களுக்கு முன்பே கிடைத்ததாகப் புகார். நடந்ததாகச் சொல்லப்படுவது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில். சிபிஐ வழக்குப் பதிந்தது 2018 மே மாதம். பிறகு கிட்டத்தட்ட நான்கு ஆண்டு சத்தமே இல்லை. 2022 பிப்ரவரியில் செபியின் உத்தரவு ஒன்று வெளியாகி, சந்தையின் தலைமை அதிகாரியாக இருந்த சித்ரா ராமகிருஷ்ணா இமயமலைச் சாமியார் ஒருவரிடம் ரகசியங்களைப் பகிர்ந்தார் என்ற கதை தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியதும் சிபிஐ விழித்தது. அவருடைய ஆலோசகராக இருந்த ஆனந்த் சுப்ரமணியனைச் சென்னையில் கைது செய்தார்கள், மார்ச் மாதம் சித்ராவை. வெளியே விட்டால் சாட்சியைக் கலைப்பார்கள் என்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் அரசுத் தரப்பின் வழக்கமான வாதம். நான்கு ஆண்டு வெளியே இருந்தபோது கலைக்க முடியாத சாட்சியை நாலாம் ஆண்டு முடிவில்தான் கலைப்பார்களா? செப்டம்பரில் சிபிஐ வழக்கில் ஜாமீன் வந்தது. அதற்குள் ஜூலையிலேயே, சந்தை ஊழியர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் சித்ராவை அமலாக்கத் துறை கைது செய்திருந்தது. அதில் ஜாமீன் கிடைக்க 2023 பிப்ரவரி. அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை நீதிமன்றத்தில் நிரூபித்துக் காட்ட வேண்டியவர்கள் கைதோடு வேலை முடிந்ததுபோல் நடந்துகொண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இங்கேதான் பொதுமக்களாகிய நாமும் குற்றவாளிகள். கைது அன்று தலைப்புச் செய்தி, குற்றப்பத்திரிகை அன்று உள்பக்கச் செய்தி, விசாரணை நாட்களில் நீதிமன்றத்தில் ஒரு நிருபர்கூடக் கிடையாது. விசாரணை அமைப்புக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் நாம், கைதுக்கே நூற்றுக்கு நூறு போட்டுவிடுகிறோம். பிறகு எதற்கு அவர்கள் ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த டீமேட் கணக்கு யாருடையது, பணம் எந்த வங்கி வழியாகச் சுற்றியது என்று சாட்சியோடு நிரூபிக்க மெனக்கெட வேண்டும்? 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கில் இதையே பார்த்தோம். 2011இல் தி.மு.க.வின் ராசாவும் கனிமொழியும் திகார் சிறைக்குப் போனபோது தீர்ப்பே வந்துவிட்டதுபோல் ஊர் பேசியது. 2017 டிசம்பர் 21ஆம் தேதி அத்தனை பேரும் விடுதலை. அவர்கள் உள்ளே கழித்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? ஒருவேளை குற்றம் நடந்திருந்தது என்றால், அதை நிரூபிக்கத் தவறியதற்கு யாரைக் கேள்வி கேட்டோம்?

இந்த நம்பிக்கையின் முழுச் சுமையும் கடைசியில் ஏழை தலையில்தான் விழுகிறது. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். பங்கு மோசடிக்காரனுக்கு மூத்த வழக்கறிஞர் இருக்கிறார், ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்கும். செல்போன் திருடினான் என்று பிடித்த பையனுக்குப் பிணை நிற்க ஆள் கிடைக்காது. ஜாமீனே தப்பு என்று நாம் பந்தியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு, மாஜிஸ்திரேட் காதுவரைக்கும் போய், அந்தப் பையன் மேல்தான் இறங்குகிறது.

பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்குகிறவனுக்குச் செபி சட்டத்தின் 24ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை இருக்கிறது, 25 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. நான் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. அந்தப் பத்தாண்டையும் அவன் அனுபவிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு, பதினைந்து ஆண்டு வாய்தா வாங்கி, கிழவனாகி, சாட்சிகளும் செத்து, "நான்தான் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய்விட்டேனே" என்று அனுதாபம் தேடுகிற கூத்தை நான் பார்க்க விரும்பவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கு, டீமேட் கணக்கை முடக்கு, சொத்தை அட்டாச் செய், சந்தைப் பக்கம் வராதே என்று தடை போடு. பிறகு தினமும் விசாரணை நடத்து. கணக்கு படிக்கத் தெரிந்த அரசு வழக்கறிஞரைப் போடு. முடியாதென்றால் ஏன் முடியவில்லை என்று மேடை ஏறிச் சொல்.

பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்து அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு டிப்ஸ் குடுத்தானே, அவன் மேல நாளைக்கே கேஸ் வருதுன்னு வைங்க. நீங்க சாட்சி சொல்லப் போவீங்களா? எதை வெச்சுச் சொல்வீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். டெலிகிராம் குழுவைத் திறக்கப் போனார், அது போய்விட்டிருந்தது. தரகர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டு மின்னஞ்சலில் இருந்தது. வாங்கச் சொன்ன செய்தி மட்டும் எங்கும் இல்லை. மண்டபத்து வாசலில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் போனில் உள்ள படங்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தோம். காலை வணக்கம், முருகன், பேரன் பிறந்தநாள், மறுபடி காலை வணக்கம். அரை மணி நேரம் கழித்து மார்ச் மாதத்துப் படம் ஒன்று அகப்பட்டது: குழுவின் பெயர், நேரம், "இன்னைக்கு அப்பர் சர்க்யூட், உடனே வாங்குங்க" என்ற வரி, எல்லாம் தெளிவாக இருந்தது.

"இத அழிச்சிராதீங்கண்ணே" என்றேன். அதை எனக்கும் அனுப்பி வைத்தார்.