ஊசி எடுத்த பிறகு

தைராய்டு கட்டியில் மெல்லிய ஊசியை விட்டுச் செல்களை எடுக்கும் சோதனையைப் பயந்து தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. சோதனை முடிந்ததும் நோயாளியை வீட்டுக்கு விரட்டாமல் சற்று உட்காரவைத்துக் கழுத்தைப் பார்ப்பது எல்லா மையங்களிலும் கட்டாயமாக வேண்டும். சிறு கசிவு என்றால் விரலால் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

மிக அரிதாகத் தமனிச் சுவரில் துளை விழுந்து, ரத்தம் வெளியே பைபோலத் தேங்கித் துடிக்கும். டாப்ளர் ஸ்கேனில் அது சுழல்வது தெரியும். ஸ்கேன் கருவியாலேயே அழுத்தி அடைக்கலாம். அடையாவிட்டால் த்ராம்பின் மருந்தை ஊசிவழி செலுத்துவார்கள், அல்லது ரத்தக்குழாய்க்குள் சென்று அடைப்பார்கள். அறுவை சிகிச்சை கடைசியில்தான்.

கழுத்து வேகமாக வீங்கி மூச்சு முட்டினால் இந்த வரிசையெல்லாம் செல்லாது. மூச்சுப்பாதையைக் காப்பதே முதல் வேலை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.