ஹிதர் கிறீன் மரண விசாரணையும் எம்மவர் கடைகளும்

தென்கிழக்கு இலண்டனின் ஹிதர் கிறீன் பகுதியில், 2018 ஏப்ரலில் நள்ளிரவு கடந்த வேளையில், இருவர் ஒரு வீட்டினுள் திருடப் புகுந்தனர். வீட்டுக்காரர் 78 வயது முதியவர். புகுந்தவர்களுள் ஒருவர் ஸ்குறூ ட்றைவருடன் மிரட்ட, முதியவர் சமையலறைக் கத்தியை எடுத்தார். கைகலப்பில் மார்பில் குத்துண்டவர் தெருவில் வீழ்ந்து, பின்னர் உயிரிழந்தார். கொலைச் சந்தேகத்தில் கைதான முதியவர் இரு நாட்களில் வழக்கின்றி விடுவிக்கப்பட்டார். 2019இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்த முடிவு: "சட்டபூர்வமான கொலை".

எமது காதுக்கு முரணாக ஒலிக்கும் சொற்றொடர் இது. குற்றமான கொலைக்கும் குற்றமற்ற உயிர்ப்பறிப்புக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உண்டு. நாமோ இரண்டையும் கொலை என்றே சொல்கிறோம்.

வழக்கே இல்லையெனத் தீர்மானித்தபின், கள்வனுக்கு ஒரு விசாரணை எதற்கு என்று எம்மவர் சிலர் கேட்கின்றனர். இறந்தவர் யார், எங்கே, எப்போது, எவ்வாறு இறந்தார் என்பனவே மரண விசாரணையின் கேள்விகள். பெயர் குறித்து எவரையும் குற்றவாளியென அது கூற முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆயினும் அந்தக் கேள்விகள் அற்பமானவை அல்ல. இலங்கையில் 1983 ஜூனில் வந்த அவசரகால ஒழுங்குவிதி 15ஏ, மரண விசாரணையின்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் வழிவிட்டது. அதன்பின் நிகழ்ந்தவற்றை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இனி, தற்காப்பு. ஆபத்து உண்டென்று ஒருவர் உண்மையாகவே நம்பினாரா, அந்த நம்பிக்கைக்கேற்ற நியாயமான அளவு பலத்தையே பிரயோகித்தாரா என்றே இங்கிலாந்துச் சட்டம் பார்க்கிறது. நம்பிக்கை தவறாக இருந்திருக்கலாம், பொய்யாக இருக்கக்கூடாது. அத்துமீறிப் புகுந்தவரை வீட்டினுள் எதிர்ப்பவருக்கு 2013இல் கூடுதல் சலுகை வந்தது. பலம் சற்று அளவு மீறியது என்பதால் மட்டும் அவர் குற்றவாளியாகிவிடமாட்டார். அப்பட்டமாக அளவு கடந்திருந்தால் தப்ப முடியாது.

இரவிரவாகக் கடை திறந்திருக்கும் எம்மவர் இதைக் கவனிக்கவேண்டும். அச்சலுகை குடியிருப்புக்கே உரியது. மேல்மாடியில் குடியிருந்து கீழே தொழில் செய்பவருக்கு, இரண்டுக்கும் உள்வழி இருந்தால், கடைக்கும் அது பொருந்தும். கடையைப் பூட்டிவிட்டு வேறிடம் சென்று உறங்குபவருக்குப் பொருந்தாது. காசுப்பெட்டிக்கருகே அவருக்குள்ளது சாதாரண விதி மாத்திரமே. பணத்துடன் தெருவில் ஓடுபவரைத் துரத்திச்சென்று பழிதீர்க்க அடித்தால், எங்கு குடியிருந்தாலும் அது தற்காப்பாகாது.