மாத்திரையை நிறுத்தினால் ஞாபகசக்தி நிற்குமா?

அமெரிக்காவில் ஒரு மாத்திரை. அதன் பெயர் பிரெவஜென். "இதைச் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும்" என்று டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். வயதானவர்கள் ஏராளமாக வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கடலில் மிதக்கும் சொறிமீனில் ஒருவகைப் புரதச் சத்து இருக்கிறது. அதுதான் இந்த மாத்திரையின் முக்கியச் சரக்கு.

2017-ம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனும் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரலும் அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள்.

கம்பெனியே 218 பேருக்கு 90 நாள் கொடுத்துச் சோதனை செய்திருந்தது. சிலருக்கு உண்மை மாத்திரை. சிலருக்கு மருந்து இல்லாத போலி மாத்திரை. இரண்டு கூட்டத்தாரையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை! மேலும், வயிற்றுக்குள் போன புரதம் அங்கேயே செரித்துவிடுகிறது. மூளைக்கு எப்படிப் போகும்? இதுதான் வழக்கு.

ஏழு ஆண்டுகள் வழக்கு நடந்தது. விளம்பரத்தில் சொன்ன பல விஷயங்களுக்கு நம்பத் தகுந்த விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று 2024-ல் ஜூரிகள் முடிவு சொன்னார்கள். "ஞாபகசக்தியைக் கூட்டும்" என்று இனி விளம்பரம் செய்யக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் கோர்ட்டு உத்தரவு போட்டது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் கண்டவற்றைச் செய்வதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. மூளைத் திறனைக் கூட்டுவது, ஞாபகசக்தியைப் பெருக்குவது ஆகிய இரண்டும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஆனாலும் பரீட்சைக் காலம் வந்தால் போதும். மாத்திரை, லேகியம், பானம், பொடி என்று பலவும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன!

பெற்றோர் கேட்கும் கேள்வி, "இது வேலை செய்யுமா?" என்பதுதான். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நிறுத்திய பிறகு அந்தப் பலன் நிற்குமா? அல்லது ஆயுள் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

காப்பி சொல்லும் பாடம்

எல்லா வீட்டிலும் இருக்கும் மூளை மருந்து ஒன்று உண்டு. அதுதான் காப்பி!

மனிதன் விழித்திருக்கும்போது மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் வருகிறது. காப்பியில் உள்ள 'காபீன்', அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் தூக்கம் தெரிவதில்லை. கவனம் கூர்மையாகிறது.

ஆனால் களைப்பு போய்விடவில்லை. மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய 5 மணி நேரத்தில் காபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறிவிடும். பிறகு பழைய களைப்பு தலை தூக்கும்.

தினமும் காப்பி குடிக்கிறவர் ஒருநாள் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சோம்பல் வரும். எரிச்சல் வரும். கவனம் சிதறும். இந்தத் தொல்லை இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரை இருக்கலாம். அப்புறம் சரியாகிவிடும்.

ஆக, காப்பியின் பலன் கடன் வாங்கிய பலன். நிறுத்தியதும் மூளை கூர்மையாகவே இருந்துவிடுவதில்லை. சில நாளைக்குக் கொஞ்சம் மந்தமாகவும் ஆகிறது.

டாக்டர் கொடுக்கும் மருந்து

மறதி நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'டோனெபெசில்' என்ற மருந்து ஒன்று இருக்கிறது. இது கடையில் கேட்டு வாங்கும் சத்து மாத்திரை அல்ல. சோதனைகளில் தேறிய மருந்து.

அமெரிக்காவில் 473 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 1998-ல் வெளியாயிற்று. 24 வாரம் மருந்து சாப்பிட்டவர்கள், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேலாக இருந்தார்கள். பிறகு 6 வாரம் எல்லோருக்கும் போலி மாத்திரையே கொடுத்தார்கள். மறுபடியும் சோதித்தார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது! மருந்து சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மருந்து நோயை நிறுத்தி வைக்கவில்லை. மூளையில் செய்தி கொண்டுபோகும் ஒரு ரசாயனம் சீக்கிரம் அழிந்துவிடாமல் காத்தது. மருந்து நின்றதும் அந்தக் காவலும் நின்றது.

அப்படியானால் மருந்து வீணா? இல்லை. இங்கிலாந்தில் 295 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2012-ல் வெளிவந்தது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள், நிறுத்தியவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். எனவே வீட்டில் பெரியவர்கள் இந்த மருந்தைச் சாப்பிட்டால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. 'சாப்பிடும்வரை பலன்' என்பதும் ஒரு பலன்தானே!

இலை, கீரை, மூலிகை

மேல்நாடுகளில் ஞாபகசக்திக்காக 'ஜிங்கோ' என்ற மரத்தின் இலைச் சத்தை விற்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை ஏறக்குறைய 6 ஆண்டு கவனித்தார்கள். பாதிப் பேருக்கு ஜிங்கோ. பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு மறதி நோய் வந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு வந்தது! நோயைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை என்பது தெளிவாயிற்று. ஆறு ஆண்டு விடாமல் சாப்பிட்டவர்களுக்கே பலன் இல்லை என்றால், நிறுத்திய பிறகு எது நிற்கும்?

நம் ஊரில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் புத்திக்கு நல்லவை என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். 'பிரமி' என்ற பெயரில் இரண்டையும் விற்பதுண்டு.

நீர்ப்பிரமியை ஆஸ்திரேலியாவில் 76 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. புதிதாகக் கற்கும் வேகம் கூடவில்லை. கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 76 பேர் என்பது சிறிய கூட்டம். இந்த வகைச் சோதனைகள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் முடிந்துவிடுகின்றன. மூன்று மாதச் சோதனையைக் காட்டி மூன்று ஆண்டுக்கு வாக்குறுதி கொடுக்க முடியாது.

வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுவதில் தவறு இல்லை. கீரை என்ற முறையில் அது நல்ல உணவு. பரீட்சைக்கு முதல்நாள் சாப்பிட்டுவிட்டு முதல் மார்க்கை எதிர்பார்ப்பதுதான் தவறு.

நிலைக்கும் பலன் எது?

அப்படியானால் எதுவுமே நிலைக்காதா? நிலைப்பவையும் உண்டு. உடம்பில் ஏதேனும் ஒரு சத்து குறைந்து, அதனால் மூளை தளர்ந்திருந்தால், அந்தக் குறையை நிரப்பியதும் மூளை தேறும். இது தூண்டிவிடுவது அல்ல; பள்ளத்தை நிரப்புவது.

முதலில் இரும்புச் சத்து. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மாணவிகளிடம் ஒரு சோதனை நடந்தது. இரும்புச் சத்து குறைந்திருந்த, ஆனால் ரத்தசோகை வராத பெண்கள் அவர்கள். 8 வாரம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள், சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் மற்றவர்களை மிஞ்சினார்கள். இது 1996-ல் வெளியான செய்தி.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை! படிப்பு ஏறவில்லை என்று திட்டு வாங்கும் பெண்ணுக்கு உண்மையில் ரத்தம் குறைவாக இருக்கலாம். அரசாங்கப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

நிறுத்தினால் இந்தப் பலன் நிற்குமா? சாப்பாட்டில் இரும்புச் சத்து இருந்தால் நிற்கும். இல்லாவிட்டால் மாதந்தோறும் ரத்தம் போவதால் பழைய குறை திரும்பும். கீரை, பயறு, ஈரல் ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. சாப்பாட்டோடு எலுமிச்சம் பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் சேராது.

அடுத்தது வைட்டமின் பி-12. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இது உண்டு. இது குறைந்தால் பெரியவர்களுக்கு மறதி வரும். கால் மரத்துப் போகும். சர்க்கரை நோய்க்கு 'மெட்பார்மின்' மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காலத்தோடு கண்டுபிடித்தால் மறதி தீர வாய்ப்பு உண்டு. உடம்பில் நிரம்பிய பி-12, ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். குடலே அதை உறிஞ்சாத கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஆயுள் முழுவதும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது அயோடின். கர்ப்பிணிக்கு அயோடின் கிடைக்காவிட்டால் வயிற்றில் உள்ள குழந்தையின் மூளை சரியாக வளராது. கிடைத்தால் நன்றாக வளரும். அப்படி வளர்ந்த மூளை பிறகு சுருங்கிவிடுவதில்லை. அந்தப் பலன் ஆயுள் முழுவதும் நிற்கும்!

இதற்காக எத்தனை ரூபாய் செலவாகும்? ஒரு பாக்கெட் அயோடின் உப்பு வாங்கினால் போதும். இந்திய அரசாங்கம் 1962-லேயே கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அயோடின் சேராத சாப்பாட்டு உப்பை விற்க 2006 முதல் தடை இருக்கிறது. உலகத்திலேயே மிக மலிவான மூளை மருந்து அடுப்பங்கரை ஜாடியில் இருக்கிறது!

பயிற்சியின் பலன்

மாத்திரை இல்லாமல் மூளைக்குப் பயிற்சி கொடுத்தால்? அமெரிக்காவில் 2,832 முதியவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பத்தே பத்து வகுப்புகள். சிலருக்கு யோசிக்கும் பயிற்சி. சிலருக்கு வேகமாகப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி. சிலருக்கு ஞாபகப் பயிற்சி.

பத்து ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. யோசிக்கும் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் மிச்சம் இருந்தன. ஞாபகப் பயிற்சியின் பலன் மறைந்திருந்தது. பயிற்சியிலும் எல்லாம் நிலைப்பதில்லை. ஆனால் பத்து வகுப்பின் பலன் பத்து ஆண்டு நின்றது. டோனெபெசில் தந்த பலனோ ஆறு வாரத்தில் போய்விட்டது!

கடைக்குப் போகும் முன்

மூளை மாத்திரை வாங்க நினைப்பவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

உடம்பில் என்ன சத்து குறைவு? அதை ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொன்னாரா, விளம்பரம் சொன்னதா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் பணப்பையை மூடிவிடலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவில் நல்ல தூக்கம் வேண்டும். படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான். காலையில் வயிறு நிறைய ஆகாரம் வேண்டும். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். இவற்றுக்குக் கடைச் சீட்டு தேவை இல்லை.

மாத்திரை கொடுத்த கூர்மை மாத்திரையோடு போய்விடலாம். அந்த நேரத்தில் பிள்ளை படித்த பாடம் போகாது. வீட்டார் காசு செலவழிக்க வேண்டியது சாப்பாட்டுக்கும் படிப்புக்கும்தான்.