மலையேறும் பழைய டீசல் வண்டி... காலையில் அடம்பிடிக்கிறதா? ‘ஹீட்டர் பிளக்’கைப் பாருங்கள்!

மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெட்டிய மரவள்ளிக் கிழங்கை வண்டியில் ஏற்றி, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறக்க வேண்டும். மரவள்ளி காத்திருக்காது. தோண்டி எடுத்த இரண்டு, மூன்று நாள்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தின் ‘பாயின்ட்’டைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விவசாயியின் பணம்தான் குறைகிறது.

அந்த நேரம் பார்த்து பழைய டீசல் வண்டி அடம்பிடிக்கும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே சுற்றும். ஆனால், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. சைலன்சரிலிருந்து டீசல் வாடையோடு வெள்ளைப் புகை மட்டும் வரும். நாலைந்து முறை முயன்றால் பேட்டரியும் இறங்கிவிடும்.

மலைப்பகுதி ஓட்டுநர்களுக்கு இதற்கு ஒரு குறுக்குவழி தெரியும். இரவே வண்டியைச் சரிவில் நிறுத்திவிடுவது. காலையில் உருட்டிவிட்டு, கியரைப் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான பிக்கப், ஜீப், வேன்களில் பிரேக்குக்குத் துணையாக ஒரு வேக்குவம் பூஸ்டர் இருக்கும். எஞ்சின் ஓடினால்தான் அதற்கு வேக்குவம் கிடைக்கும். எஞ்சின் ஓடாமல் வண்டி உருளும்போது ஒன்றிரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். லோடு ஏற்றிய வண்டி, கொண்டை ஊசி வளைவு, பனி மூட்டம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் எஞ்சின் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் காரணம் பல நேரங்களில் சில நூறு ரூபாய் பொருள் ஒன்றுதான். க்ளோ பிளக். நம்மூர் ஒர்க் ஷாப் பாஷையில் ‘ஹீட்டர் பிளக்’.

டீசல் எஞ்சினுக்கு எதற்கு பிளக்?

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் பொறிக்கே வேலையில்லை. 1890-களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய தத்துவம் இதுதான்: காற்றை நன்றாக அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பார்த்திருப்போம். அதே கதைதான், பல மடங்கு பெரிதாக.

எஞ்சின் குளிர்ந்திருந்தால், அழுத்தியதால் வந்த சூட்டைச் சுற்றியுள்ள இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். சில பழைய எஞ்சின்களில் டீசல் முதலில் ‘ப்ரீ சேம்பர்’ எனும் சின்ன அறைக்குள் தெளிக்கப்படும். இவற்றில் இன்னும் அதிகமாகச் சூடு வீணாகும். புனேயின் பஜாஜ் டெம்போ (2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) தன் வண்டிகளில் பயன்படுத்திய, மெர்சிடிஸ் பென்ஸ் ‘ஓ.எம். 616’ வகை எஞ்சின் இந்த ரகம்தான். அந்தச் சின்ன அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீட்டர் பிளக்கின் முனை, சில நொடிகளில் செக்கச்செவேல் என்று பழுத்து முதல் வெடிப்புக்கு உதவுகிறது.

பெரிய லாரிகள் பலவற்றில் டீசல் நேரடியாக பிஸ்டன் மேலேயே தெளிக்கப்படும். அவற்றுக்கு இந்த பிளக் தேவைப்படுவதில்லை. எனவே, உங்கள் வண்டியில் ஹீட்டர் பிளக் இருக்கிறதா என்பதைக் கையேட்டிலோ, எஞ்சினிலோ முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது எங்கே? அறிகுறியே சொல்லும்

* காலையில் மட்டும் தகராறு, ஒருமுறை ஓடிச் சூடானபின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகை, முதல் ஒரு நிமிடம் எஞ்சின் துள்ளித் துள்ளி ஓடுகிறது என்றால், ஹீட்டர் பிளக் மீது சந்தேகப்படலாம்.
* செல்ஃப் மெதுவாக முனகிச் சுற்றினால் முதலில் பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.
* சூடாக இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் லைனில் காற்று, நாசில், கம்ப்ரஷன் என வேறு காரணம் இருக்கும்.

டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிவதை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கு, பிளக் கெட்டிருந்தாலும் எரிந்து அணையும்.

சோதனை 1: கரன்ட் வருகிறதா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் மாட்டி, முனையை பிளக்கின் தலையில் வையுங்கள். இன்னொருவர் சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்பட்டும்.

விளக்கு எரிந்தால் பிளக் வரை கரன்ட் வருகிறது. மல்ட்டிமீட்டர் இருந்தால், பேட்டரி வோல்ட்டேஜுக்கு நெருக்கமாகக் காட்ட வேண்டும். எரியவே இல்லை என்றால் குற்றவாளி பிளக் அல்ல. ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், ஒயர் என வரிசையாகப் பாருங்கள். இதைப் பார்க்காமல் நான்கு பிளக்கையும் மாற்றி, பணத்தையும் ஒரு நாளையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

சோதனை 2: பிளக் உயிரோடு இருக்கிறதா?

நான்கு பிளக்குகளையும் இணைக்கும் ஒரு பட்டை அல்லது ஒயர் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பட்டையை எடுங்கள். கரன்ட் கொண்டுவரும் ஒயரின் முனை எதன் மீதும் படாதபடி டேப் சுற்றிவிடுங்கள். பட்டையோடு சோதித்தால், ஒரு நல்ல பிளக் இருந்தாலே நான்கும் நல்லவை போலக் காட்டிவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் தலையிலும் மற்றொன்றை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் ஒரு ஓம்ஸை ஒட்டியோ, அதற்குக் குறைவாகவோ காட்டும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால், உள்ளே சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அப்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையா? நெகட்டிவ் ஒயரைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டுங்கள். முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் போய்விட்டது.

ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளக்குகள் மாலை விளக்குபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று போனால் எல்லாமே போகும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கானவை. அவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். ஓம்ஸ் சோதனை மட்டும் போதும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம்

இந்த வேலையில் கைநழுவும் இடம் இதுதான். பல வருடங்களாகக் கழற்றாத பிளக் கரி பிடித்து இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் உள்ளேயே முறிந்துவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றுகிற அளவுக்கு வேலை போய்விடும்.

முந்தைய நாள் இரவே பிளக்கைச் சுற்றித் துருநீக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது, சுற்றியுள்ள மண், தூசியைச் சுத்தம் செய்துவிட்டுச் சரியான சாக்கெட்டால் திருகுங்கள். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மீண்டும் தளர்த்தி எனப் பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். அசையவே மறுத்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் விடுவதே லாபம்.

வெளியே வந்த பிளக்கின் முனையைப் பாருங்கள். முனை வீங்கியோ, உருகியோ இருந்தால் நாசில் டீசலைச் சொட்டவிடுகிறதா, பம்ப் டைமிங் சரியா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் புது பிளக்கும் அதே கதிக்கு ஆளாகும். முனை உடைந்து உள்ளே விழுந்திருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. துண்டை வெளியே எடுத்த பிறகுதான் மற்ற வேலை.

புதிதை மாட்டும்போது

பழைய பிளக்கின் பார்ட் நம்பர், வோல்ட்டேஜ், முனையின் நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான் என்பதால் செட்டாக மாற்றிவிடுவது நல்லது. பிளக் துளையில் கரி இருந்தால் சுத்தம் செய்யுங்கள். முதலில் விரலாலேயே மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். தலையிலுள்ள சின்ன நட்டுக்கு லேசான இறுக்கம் போதும்.

பிறகு, காலையில் சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். விளக்கு இல்லாத பழைய வண்டியில் 15, 20 நொடிகள் பொறுத்தால் போதும்.

இவை வேண்டவே வேண்டாம்

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பழுத்த முனையில் பட்டதும் நேரம் தவறி வெடித்து, பிஸ்டனை உடைத்துவிடலாம். ஏர் ஃபில்டர் வாயில் தீப்பந்தம் காட்டுவது, ஆயில் சம்பின் அடியில் தீ மூட்டுவது போன்ற பழைய வைத்தியங்களும் வண்டியோடு ஆளையும் எரித்துவிடும்.

மலை கிராமத்தில் ஒரு வண்டி என்பது மரவள்ளி லோடு மட்டுமல்ல. நள்ளிரவில் வலியெடுத்த கர்ப்பிணியைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு இறக்க வேண்டிவந்தாலும், அந்தத் தெருவில் நிற்கும் அதே பிக்கப்பைத்தான் கூப்பிடுவார்கள். சரிவு தேடாமல், நின்ற இடத்திலேயே அது ஸ்டார்ட் ஆக வேண்டும். பனிக்காலம் தொடங்கும் முன்பு, ஐப்பசியிலேயே ஒரு டெஸ்ட் லேம்பை எடுத்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போதும்.