பழைய மின்சார காரும் காலனி டிரான்ஸ்ஃபார்மரும்

அரூர் வட்டத்தில் நாங்கள் வேலை செய்யும் காலனி ஒன்றில் ஒரு குடும்பம். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம். போய்வருவதுதான் இலவசம் இல்லை. போகும்போது பஸ்ஸில் போய்விடுவார். நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வர உடம்பில் தெம்பு இருக்காது. வாடகைக் கார் ஒரு நடைக்கு 1,500 ரூபாய். மாதம் எட்டு நடை என்றால் 12,000 ரூபாய்.

அந்தக் காரும் காலனிக்குள் வராது. மெயின்ரோட்டில் நிறுத்திவிட்டு, "பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க" என்று டிரைவர் போன் செய்வார். கேட்டால் ரோடு சரியில்லை என்பார். தேர்தல் நேரத்தில் அதே ரோட்டில்தான் எல்லாக் கட்சிக் கார்களும் உள்ளே வந்து போகின்றன.

"வாடகைக்குக் கொடுக்கிற காசுக்குப் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கிடலாமா அண்ணா?" என்று அந்த வீட்டு மகள் எங்களிடம் கேட்டார். கல்லூரியில் படிக்கிறார், ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கிறார். இரண்டு மாதம் அவர்களோடு அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறோம். கார் வாங்குவதெல்லாம் இயக்கம் பேச வேண்டிய விஷயமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். 1929இல் சாளிஸ்காவ் ஊருக்கு அண்ணல் அம்பேத்கர் வந்து இறங்கியபோது, தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட மாட்டோம் என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கினார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. அவரே எழுதியிருக்கிறார். சொந்த வண்டி என்பது நமக்கு வசதி மட்டுமல்ல. யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் புறப்படும் உரிமை.

அதனால்தான் இந்த முடிவில் ஏமாறக் கூடாது. ஒரு குடும்பம் நகையை வைத்து, கடன் வாங்கி, வாழ்நாளில் ஒருமுறை செய்யும் செலவு இது. வண்டி ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் வாடகைக் காரும் திரும்ப வரும், கடனும் நிற்கும்.

முதலில் கணக்கு. இந்தக் குடும்பத்துக்கு மருத்துவமனைக்கு மட்டும் மாதம் 640 கிலோமீட்டர். மற்றதையும் சேர்த்தால் 900. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு 60 லிட்டர், அதாவது சுமார் 6,000 ரூபாய். சின்ன மின்சார கார் வீட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஆறு முதல் ஏழு கிலோமீட்டர் ஓடும். மாதம் 140 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டாலும் 1,120 ரூபாய்தான். மாதம் கிட்டத்தட்ட 5,000 ரூபாய் மிச்சம். ஆனால் உங்கள் குடும்பம் மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டும் என்றால் மிச்சம் சுமார் 1,600 ரூபாய்தான். அதற்கு மின்சார கார் தேவையில்லை. நல்ல பழைய பெட்ரோல் கார் போதும். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் கணக்கில் எடுங்கள்.

மின்கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். இந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. காருக்கு 280. கூட்டினால் 460. தப்பித்தார்கள். ஏசி இருக்கும் வீடாக இருந்தால் தப்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்து எந்தக் கார். மூன்று வண்டிகளைப் பார்த்தோம். முதலாவது பெங்களூரில் டாக்சியாக ஓடிய ஒரு செடான். விலை மிகக் குறைவு. மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்வதால் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நம்பர் பிளேட்டைப் பார்க்கச் சொன்னோம். மின்சார வாகனம் எல்லாவற்றுக்கும் பச்சைப் பிளேட்தான். எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி. இது மஞ்சள். 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டாக்சிகளைப் பெரும்பாலும் வேக சார்ஜரில்தான் போடுவார்கள். அது பேட்டரியைச் சீக்கிரம் தேய்க்கும். கர்நாடக வண்டியைக் கொண்டுவந்தால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சொந்த உபயோகத்துக்கு மாற்றவும் வேண்டும். விலையில் மிஞ்சுவது அலைச்சலில் போய்விடும். விட்டுவிட்டோம்.

இரண்டாவது 2020 டாடா நெக்ஸான். பேட்டரி 30.2 யூனிட். வண்டி உயரமானது, மண்ரோட்டில் அடி தட்டாது. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2020 வண்டிக்கு 2028இல் முடிகிறது. மூன்றாவது 2023இல் பதிவான டாடா டியாகோ, பெரிய பேட்டரி வகை, 24 யூனிட். ஒரே கை, 31,000 கிலோமீட்டர், சேலத்து ஆசிரியர் ஒருவர் ஓட்டியது. அதே எட்டு வருடக் கணக்கில் வாரண்டி 2031 வரை இருக்கிறது. வண்டி சின்னது, பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் நெருக்கித்தான் உட்கார வேண்டும். இருந்தாலும் கடன் முடிந்த பிறகும் வாரண்டி மிச்சமிருக்கும் வண்டி இது ஒன்றுதான். பழைய மின்சார காரில் பேட்டரிதான் பாதி வண்டி. கடன் தவணை ஓடும் காலம் முழுக்கப் பேட்டரி வாரண்டி இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம். வண்டி கைமாறினால் வாரண்டியும் மாறுமா, சர்வீஸ் தவறாமல் செய்திருக்கிறார்களா என்பதை கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். புரோக்கர் வாய்ச்சொல் வேண்டாம்.

விளம்பரத்தில் எம்ஜி காமெட்டும் மலிவாக வரும். 17.3 யூனிட் பேட்டரி, நாலு பேர், பெட்டி வைக்க இடமில்லை. ஊருக்குள் சுற்ற நல்ல வண்டி, நோயாளியோடு அரூருக்கும் தருமபுரிக்கும் ஓட அல்ல. பத்து வருடத்துக்கு முந்தைய மஹிந்திரா ஈ2ஓ இன்னும் மலிவு. இன்று நெடுஞ்சாலைகளில் இருக்கும் சிசிஎஸ்-2 சார்ஜரில் அது பொருந்தாது. உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டும்.

விளம்பரத்தில் போடும் தூரத்தை நம்பாதீர்கள். 2020 நெக்ஸானுக்கு 312 கிலோமீட்டர் என்று சோதனைச் சான்று. சாலையில் 200 கிடைத்தால் நல்லது. டியாகோ 24 யூனிட்டுக்கு 315 என்றார்கள். 180 என்று வையுங்கள். நம் மாவட்டத்தின் ஏற்ற இறக்கம் வேறு இருக்கிறது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மோட்டாரே பிரேக் போட்டு பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பித் தரும். சேலத்திலிருந்து திரும்பி ஏறும்போது அதை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். தருமபுரியிலிருந்து பெங்களூர் சுமார் 140 கிலோமீட்டர், மொத்தத்தில் ஏற்றம். ஒரே சார்ஜில் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஒருமுறை சார்ஜ் போட்டுப் போவதே நிம்மதி. அரூர்-தருமபுரி போய்வர 80 கிலோமீட்டருக்கு எந்தக் கவலையும் இல்லை.

பேட்டரியைச் சோதிக்க ஒரு எளிய வழி. சில நூறு ரூபாய்க்கு பிளக்கில் மாட்டும் யூனிட் மீட்டர் கிடைக்கும், 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். 24 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்றுங்கள். 19 யூனிட் உள்ளே போக வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 21, 22 காட்டும். 17, 18தான் காட்டுகிறது என்றால் பேட்டரி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. இரவு முழுக்க ஆகும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நாங்கள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு பார்த்தோம். விடியும்போது மீட்டர் 21.4 காட்டியது.

தனிநபரிடம் வாங்கியதால் ஜிஎஸ்டி இல்லை. பழைய கார் நிறுவனத்தில் வாங்கினால், அவர்களுடைய லாபத்தின் மீது 18 சதவீதம் வரி என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்தது. அது நம் விலையில்தான் ஏறும். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். பழைய கடன் இருந்தால் படிவம் 35 இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடனில்தான் சாதி வந்தது. ஒரு நிதி நிறுவனத்தில் எல்லாம் சரியாகப் போனது. முகவரியில் காலனி பெயரைப் பார்த்ததும் ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி, "அது நெகட்டிவ் ஏரியா சார், சிஸ்டம் எடுக்காது" என்றார். தவணை தவறாமல் கட்டும் மக்கள் இருக்கும் தெருவுக்கு நெகட்டிவ் என்று பெயர் வைத்தது யார்? கடைசியில் அம்மாவின் மகளிர் குழுக் கடன், மகனின் சேமிப்பு, கொஞ்சம் நகைக் கடன். கந்துவட்டிக்குப் போகவில்லை. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைக்கும் தோழர்கள் பழைய வண்டிக்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தொழிலுக்குப் புதிய வண்டியே லாபமாக அமையலாம்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்தாதீர்கள். 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. வாசலில் நின்ற வண்டிகளும் எரிந்தன. உழைத்துச் சேர்த்தது கண்ணுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கு உறுத்தியது. முழுக் காப்பீடு தீயையும் கலவரத்தையும் சேர்த்தே ஈடு செய்யும். இதை எழுதவே கசப்பாக இருக்கிறது. ஆனாலும் எடுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். உண்மையில் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கார் சார்ஜர் 3 கிலோவாட் இழுக்கும், ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து. தொகுப்பு வீட்டின் வயர் அதைத் தாங்காது. மீட்டரிலிருந்து தனி வயர், தனி டிரிப்பர், ஒழுங்கான எர்த், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று 2022 ஜனவரியிலேயே ஒன்றிய மின்துறை வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. யாரும் தடுக்க முடியாது. ஆனால் பட்டா இல்லாத வீட்டுக்கு இணைப்பைப் பெரிதாக்கப் போனால் எத்தனை நடை நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் குடும்பத்துக்குப் பட்டா இருந்தது. அதனால் இரண்டு வாரத்தில் முடிந்தது.

முதல் நாள் மாலை ஏழு மணிக்குச் சார்ஜ் போட்டார்கள். பக்கத்து வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. காலனிக்கான டிரான்ஸ்ஃபார்மர் ஊருக்குள் இருக்கிறது, நாம் கம்பியின் கடைசியில் இருக்கிறோம். ஊருக்குக் கொடுத்தது போக மிச்சம் வருவது தண்ணீர் மட்டுமல்ல, மின்சாரமும்தான். இப்போது இரவு பதினோரு மணிக்கு மேல் போடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு கார் வந்ததற்கே இப்படி. பத்து வீட்டில் வந்தால்?

மானியம், வரிச்சலுகை, பச்சைப் பிளேட் எல்லாம் சொந்த வாசலும் அகலத் தெருவும் நல்ல மின்சாரமும் இருப்பவரைத்தான் முதலில் போய்ச் சேருகின்றன. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போகட்டும், டிரான்ஸ்ஃபார்மர் வரட்டும்.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது, ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருக்கிறதா, எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை வைத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். சமுதாயக் கூடத்தின் வாசலில் ஒரு பொது சார்ஜர் கேளுங்கள். எங்கள் காலனி மனு இப்போது மின்வாரிய அலுவலகத்தில் இருக்கிறது. விடமாட்டோம்.

கார் வந்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா வாசலிலேயே ஏறுகிறார், வாசலிலேயே இறங்குகிறார். போன வாரம் நடுராத்திரி எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது அந்த மகள்தான் ஓட்டிக்கொண்டு போனார். மெயின்ரோடு வரை யாரும் நடக்கவில்லை.

ஜெய்பீம்.