தட்டாத பானை

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? நிறத்தையும் வடிவத்தையும் கண்டு அவள் ஏமாற மாட்டாள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். 'டங்' என்று கேட்டால் காசை எடுப்பாள். 'டப்' என்று கேட்டால் அடுத்த பானைக்குப் போவாள். பானையை உடைக்காமலே அதன் குறையைக் கண்டுபிடிக்கும் சாஸ்திரம் அது.

மின்சார நிலையங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கொதிநீரையும் நீராவியையும் சுமக்கும் உருக்குக் குழாய்கள் வருஷக்கணக்கில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தளர்ந்து போகின்றன. வெட்டிப் பார்த்தால் நோய் தெரியும். ஆனால் வெட்டிய குழாய் பிறகு எதற்கு உதவும்? ஆகவே, விரலுக்குப் பதிலாகக் காந்த சக்தியால் தட்டிப் பார்க்கிறார்கள்.

1919-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பார்க்ஹௌஸன், இரும்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் அமைத்து, அருகே ஒரு காந்தத்தை நகர்த்தினார். ஒலியைப் பெருக்கும் கருவியில் படபடவென்று சப்தம் கேட்டது. இரும்புக்குள் உள்ள நுண்ணிய காந்தப் பகுதிகள் திடீர் திடீரென்று மாறுவதன் விளைவு அது. உருக்கு முதுமையடைந்து அதன் உள்ளமைப்பு மாறினால், இந்தச் சப்தமும் மாறும். இன்னொரு முறையில், சுருளில் மாறுமின்சாரத்தைச் செலுத்தி, உலோகத்திலே சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறார்கள். வெடிப்போ தேய்வோ இருந்தால் அந்தச் சுழல் வேறுபடும். கருவி காட்டிக் கொடுத்துவிடும். நமது கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்திலும் இம்முறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் விபத்து நேருவானேன்? ஜப்பானில் மிஹாமா அணு மின்சார நிலையத்தின் மூன்றாவது பிரிவில், 2004 ஆகஸ்டு 9-ந் தேதி ஒரு குழாய் வெடித்தது. 10 மில்லிமீட்டர் கனமிருந்த உருக்குச் சுவரை ஓடும் நீர் அரித்து அரித்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக்கிவிட்டது. கொதிக்கும் நீராவி பாய்ந்து ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர்.

சுவரின் கனத்தை அளக்கக் காந்த முறையும் உண்டு. ஒலியலை முறையும் உண்டு. ஆனால் நிலையம் வேலை தொடங்கிய 1976 முதல் அந்த இடத்தை எதைக் கொண்டும் ஒருவரும் அளக்கவில்லை. காரணம், சோதிக்க வேண்டியவற்றின் ஜாபிதாவில் அது விடுபட்டுப் போயிருந்தது!

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போன பையன் வந்தானா, வரவில்லையா என்று உபாத்தியாயருக்குத் தெரிவதில்லை. அங்கே அதனால் பெரிய நஷ்டமில்லை. மிஹாமாவில் ஐந்து உயிர்கள் போயின. கருவியைச் செப்பம் செய்வதில் விஞ்ஞானிகள் காட்டும் சிரத்தையை, ஜாபிதாவைச் சரிபார்ப்பதிலும் யாராவது காட்டத்தான் வேண்டும். தட்டிப் பார்க்காத பானை நல்லதா, விரிசல் கண்டதா என்று பாட்டியாலும் சொல்ல முடியாதல்லவா?