பேட்டரியைக் குறை கூறுமுன்...



நம் இல்லங்கள் சிலவற்றில் வாப்பா காலத்து அம்பாஸிடர் கார் இன்றும் நிற்கிறது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கப்பட்ட அந்தக் கார், 2014ஆம் ஆண்டோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆயினும் திருமணத்திற்கும், நள்ளிரவில் மருத்துவமனைக்கும் அதனையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வேளையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்னும் ஓசையோடு வண்டி அடங்கிவிடுகிறது. உடனே, “பேட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்கிறார்கள். புதிய பேட்டரி வருகிறது. சில மாதங்களில் பழைய கதையே திரும்புகிறது. ஏன்? நோய் பேட்டரியில் இல்லை, ஒயர்களில் இருக்கிறது!

சிறு கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கக் கூடும். பூத்துப்போன ஒரு முனையில் ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலும் போதும்; அங்கேயே 2 வோல்ட் வீணாகிவிடும். 12 வோல்ட் பேட்டரிக்கு இது பேரிழப்பன்றோ? வீணாகும் மின்சாரம் வெப்பமாக மாறி அந்த முனையையே மேலும் கெடுக்கிறது.

ஆதலால் பணம் செலவழிக்குமுன் சோதித்துப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின், நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டை எட்டினால் எர்த் இணைப்பே குற்றவாளி. எஞ்சின் ரப்பர்த் துண்டுகளின் மீது அமர்ந்திருக்கிறது. அதற்கும் உடற்பகுதிக்கும் இடையே தனிப் பட்டை ஒன்று இருத்தல் அவசியம். அது அறுந்துவிட்டால் மின்சாரம் சோக் கம்பி போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே பாய்ந்து, அவற்றைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

முனைகளில் படியும் வெண்ணிற, பச்சை நிறப் பூவை நீக்க ஆப்பச் சோடா கலந்த நீர் போதும். அது பேட்டரியின் உள்ளே மட்டும் இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதனை இறுதியில் மாட்டுங்கள். காரணம் எளிது: எர்த் இணைந்திருக்கையில் மறு முனையைக் கழற்றும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டால் பெரும் தீப்பொறி எழும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் வெடிக்கும் தன்மையது. பீடி, சிகரெட் அருகில் வரவே கூடாது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்மின் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒயர்களை மேம்படுத்துவது பற்றி. பழைய கார்களில் ஃப்யூஸ்கள் மிகக் குறைவு. தலைவிளக்குகளுக்கு ஃப்யூஸே இல்லாத வண்டிகளும் உண்டு. 60 வாட் விளக்குகள் இரண்டு எரிந்தால் சுமார் 10 ஆம்பியர். இத்தனையும் பழைய சுவிட்சின் வழியே சென்றால் சுவிட்ச் சுடும், வெளிச்சமும் மங்கும். ஒரு ரிலேயும் அதற்குரிய ஃப்யூஸும் வைத்துவிட்டால் சுவிட்சுக்குச் சுமை குறையும். டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் பொருத்துவோர், அதிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் ஒயரையும் தடிமனாக மாற்றியாக வேண்டும். 20 ஆம்பியருக்கென்று போடப்பட்ட ஒயர் இரு மடங்கு சுமையைத் தாங்காது.

பாட்டுப்பெட்டி, ஹாரன், மின்விசிறி என்று புதிது புதிதாகச் சேர்க்கும்போது, ஒயரின் மேல்தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது நம் வழக்கமாகிவிட்டது. வெயிலில் டேப் இளகும், முறுக்கு தளரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் வையுங்கள். அதனையும் பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள். ஏனெனில் ஃப்யூஸுக்கு முன்னுள்ள ஒயருக்குக் காவல் இல்லை. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பெரிய ஒயருக்குப் பெரும்பாலும் ஃப்யூஸே கிடையாது. அது தகட்டுத் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். தகட்டின் விளிம்பு தோலை அறுத்துவிட்டால் சாவியை எடுத்துவிட்டாலும் தீப்பிடிக்கும். வண்டி நிற்பதோ வீட்டு வாசலில்! பேட்டரியும் ஆடாமல் இறுகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவற்றை நல்லதோர் எலக்ட்ரீஷியனிடம் கூறிச் செய்வித்துக்கொள்ளுங்கள். செய்தபின், எந்த ஃப்யூஸ் எதற்குரியது என்பதைத் தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது, காவலரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அந்த வண்டியில் அமர்ந்து வருவோர் நம் பெற்றோரும் பிள்ளைகளும் என்பதை மறவாதீர்கள்.